கடைசி விருந்தை எப்போது வைத்துக்கொள்வது?

எனக்கும் அக்காவுக்கும் பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. மாஸ் எஃபெக்ட் 3 என்ற வீடியோ கேமுக்குப் பின்னால் வந்து சேர்ந்த, ஒரு விருந்தோடு முடியும் 'சிட்டடெல்' விரிவாக்கத்தை எந்த இடத்தில் விளையாட வேண்டும் என்பதுதான் விஷயம். கேமை முடித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியாக என்பாள் அவள். கதையில் தெஸியா கிரகம் எதிரியிடம் விழுந்த பிறகு, செர்பெரஸ் என்ற எதிரி அமைப்பின் தலைமையகத்தைத் தாக்கப் போவதற்கு முன்னால் என்பேன் நான்.

சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்தத் தொடரை நேசிக்கிற யாரிடம் வேண்டுமானாலும் இதைக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலை வைத்தே, அடுத்த மாஸ் எஃபெக்டிடம் அவர் எதை எதிர்பார்க்கிறார் என்று சொல்லிவிட முடியும். நாயகப் பாத்திரமான ஷெப்பர்ட் திரும்பி வர வேண்டுமா, வேண்டாமா, பழைய முடிவை என்ன செய்வது, புதுக் கேமில் யார் இருக்க வேண்டும் என்று ரசிகர்கள் மணிக்கணக்காகப் பேசுவதெல்லாம் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேர்கிறது.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. கனடாவின் எட்மண்டன் நகரத்தில் இருக்கும் பயோவேர் ஸ்டுடியோ முதல் மாஸ் எஃபெக்டை 2007-இல் வெளியிட்டது. இரண்டாவது 2010 ஜனவரியில் வந்தது, மூன்றாவது 2012 மார்ச் 6-இல். மூன்றிலும் கமாண்டர் ஷெப்பர்டாக நாம்தான் இருப்போம். ஐம்பதாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, வளர்ந்த நாகரிகங்களையெல்லாம் அறுவடை செய்துவிட்டுப் போகும் ரீப்பர்கள் என்ற இயந்திரங்களைத் தடுக்க வேண்டும். கதையின் எலும்பு இவ்வளவுதான். முதல் கேமில் எடுத்த முடிவுகள் சேவ் கோப்போடு அடுத்த இரண்டுக்கும் கூடவே வரும். இதுதான் எங்களைக் கட்டிப்போட்டது. விர்மைர் கிரகத்தில் தோழர்களான ஆஷ்லி, கைடன் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். அதே இடத்தில் குரோகன் என்ற வேற்றுக்கிரக இனத்துத் தோழன் ரெக்ஸைப் பேசிச் சமாதானப்படுத்தாவிட்டால் அவனையும் இழந்துவிடுவோம். அப்படி இழந்தால் மூன்றாம் கேமில் குரோகன்களின் தலைவனாக அவன் சகோதரன் ரீவ் வந்து நிற்பான். அவனோடு பேசுகிற ஒவ்வொரு முறையும் ரெக்ஸ் இல்லாதது உறுத்தும். ஐந்து வருஷத்துக்கு முன்னால், வேறொரு கேமில் நாம் செய்த ஒரு காரியம் அப்படி எதிரே வந்து நிற்கும்.

வீட்டில் ஒரே கணினி. அக்கா ஒரு நாள், நான் ஒரு நாள். அவளுடைய ஷெப்பர்ட் பெண், ஜெனிஃபர் ஹேலின் குரல். என்னுடையவன் ஆண், மார்க் மீரின் குரல். அவள் ஷெப்பர்ட் குழுவில் இருந்த டூரியன் இனத்துக் கேரஸைக் காதலித்தாள், என்னுடையவன் குவாரியன் இனத்து டாலியை. ஒருவர் விளையாடும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம். இரண்டாம் கேமின் கடைசி மிஷனில் குழாய்க்குள் யாரை அனுப்புவது என்று அவள் தயங்கியபோது நான் இருமியதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் கேமை முதலில் முடித்தவள் அவள்தான். முடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முடிவைப் பற்றி உலகம் முழுக்கப் பேசித் தீர்த்தாகிவிட்டது. ஆனாலும் அவளுடைய வருத்தம் என்ன என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ரானோக் கிரகத்தில் கெத் இயந்திரங்களுக்கும், அவற்றை உருவாக்கிய குவாரியன்களுக்கும் முந்நூறு வருஷப் பகை. ஏதாவது ஒரு தரப்பு அழிவது அங்கே மிகச் சுலபம். இரண்டு தரப்பும் பிழைக்க வேண்டுமானால் இரண்டாம் கேமிலிருந்தே பல விஷயங்களைச் சரியாகச் செய்துகொண்டு வந்திருக்க வேண்டும். அக்கா அதைச் செய்தாள். லீஜியன் என்ற கெத் தன்னையே கொடுத்து மற்ற கெத்களுக்குத் தனித்தனி உயிர் தந்ததைப் பார்த்து அழுதாள். சில மணி நேரம் கழித்து, கடைசிக் காட்சியில், ஒரு சிறுவனின் உருவம் வந்து நின்று, உயிர்களும் இயந்திரங்களும் சேர்ந்து வாழவே முடியாது என்று சொல்கிறது. அவள் கையாலேயே அந்தச் சமாதானத்தைச் செய்துமுடித்திருக்கிறாள். அதைச் சொல்ல ஒரு வரி கூட அவளுக்குத் தரவில்லை. அழிக்கும் சிவப்பு, அடக்கியாளும் நீலம், உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாக்கும் பச்சை என மூன்று வழி மட்டும். சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் ரீப்பர்களோடு கெத்களும் அழியும், கப்பலின் செயற்கை அறிவான ஈடியும் அழிவாள்.

"நான் ரானோக்ல பண்ணதுக்கு என்னடா அர்த்தம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

வெளியே இதே கோபம் பெரிதாக வெடித்தது. ரசிகர்கள் குழந்தைகளுக்கான ஓர் அறக்கட்டளைக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்து, தங்கள் அதிருப்தியைப் பதிவு செய்தார்கள். இன்னொரு கூட்டம் சிவப்பு, நீலம், பச்சை மேல்பூச்சு வைத்த சுமார் 400 கப்கேக்குகளை ஸ்டுடியோவுக்கு அனுப்பியது. எந்த நிறத்தை எடுத்தாலும் ருசி ஒன்றுதான். கோபத்தில் வரம்பு மீறியவர்களும் இருந்தார்கள், அதை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்தது துக்கம். இறந்துபோன ஒருவருக்குச் சரியாக விடைகொடுக்க முடியாமல் போனால் வருமே, அந்தத் துக்கம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அந்த முடிவு அவ்வளவு கொடூரமாகத் தெரிந்ததற்கு ஒரு விரிவாக்கமும் காரணம். 2011-இல் இரண்டாம் கேமுக்கு வந்த 'அரைவல்' டிஎல்சியில் (தரவிறக்கிச் சேர்க்கும் விரிவாக்கம்), நட்சத்திர மண்டலங்களுக்கு இடையே கப்பல்களைத் தாவவைக்கும் மாஸ் ரிலே ஒன்றை ஷெப்பர்ட் தகர்ப்பார். வெடிப்பில் அந்த நட்சத்திர மண்டலமே அழியும், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படேரியன் இனத்தவர் இறப்பார்கள். ரிலே வெடித்தால் என்ன நடக்கும் என்று அப்போதே கற்றுக்கொண்டுவிட்டோம். ஒரு வருஷம் கழித்து மூன்றாம் கேமின் முடிவில் எல்லா ரிலேக்களும் வெடிக்கின்றன. அப்படியானால் எல்லாரும் செத்துவிட்டார்கள் என்றுதானே நினைக்கத் தோன்றும்? 2012 ஜூன் 26-இல் இலவசமாக வந்த 'எக்ஸ்டெண்டட் கட்' அந்தக் காட்சியையே மாற்றியது. ரிலேக்கள் சேதமடைந்தன, ஆனால் சிதறவில்லை. ஒரு விரிவாக்கம் போட்ட முடிச்சை இன்னொன்று வந்து அவிழ்த்தது. டிஎல்சி என்றால் கேமுக்கு ஓரமாக ஒட்டவைத்த தாழ்வாரம் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த உதாரணம்தான் நினைவுக்கு வரும். மாஸ் எஃபெக்டில் சுவர்களே அவற்றால்தான் எழுந்தன. கூச்ச சுபாவமுள்ள ஆராய்ச்சியாளராக அறிமுகமான லியாரா தகவல் உலகின் மகாராணியானது 'லேர் ஆஃப் த ஷேடோ புரோக்கர்' டிஎல்சியில். ரீப்பர்களை உருவாக்கியது யார் என்று தெரிந்தது 'லெவியதன்' டிஎல்சியில். அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வைத்தது சரியா என்ற சண்டை வேறு. என் கருத்து, சரியில்லை. பிரோத்தியன் இனத்தின் கடைசி ஆளான ஜாவிக்கை முதல் நாளே தனி விலைக்கு விற்றது அதைவிடப் பெரிய தவறு.

சரி, சிட்டடெலுக்கு வருகிறேன்.

2013 மார்ச் 5-இல் அது வெளியானது. மூன்றாம் கேமுக்கு ஒரு வயது நிறைய ஒரு நாள் பாக்கி. ஷெப்பர்டின் கதையில் இதுதான் கடைசி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நார்மண்டி கப்பலைப் பராமரிப்புக்கு நிறுத்துகிறார்கள், ஷெப்பர்டுக்கு விடுப்பு. பூமியில் எதிர்ப்புப் படையை நடத்திக்கொண்டிருக்கும் ஆண்டர்சன், சிட்டடெல் விண்வெளி நிலையத்தில் இருக்கும் தன் வீட்டை ஷெப்பர்டுக்கே கொடுத்துவிடுகிறார். அப்புறம் ஓர் உணவகத்தில் துப்பாக்கிச் சூடு, துரத்தல், அடையாளத் திருட்டு என்று முதல் பாதி ஓடும். இரண்டாம் பாதியில் உலகத்தைக் காப்பாற்றும் வேலை எதுவும் கிடையாது. நண்பர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வருவார்கள், வெளியே கூப்பிடுவார்கள். கேரஸ் அக்காவின் ஷெப்பர்டோடு சூதாட்ட விடுதியில் டாங்கோ ஆடினான். டாலி என் ஷெப்பர்டின் சோபாவில் உட்கார்ந்து, குவாரியன் - டூரியன் காதல் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே கூடவே பாடினாள். ஐம்பதாயிரம் வருஷத் தூக்கத்திலிருந்து எழுந்த ஜாவிக் ஒரு சினிமா படப்பிடிப்பில் மாட்டிக்கொள்வான். இறந்துபோன தோழன் தேய்னுக்காக ஓர் அஞ்சலிக் கூட்டம் அந்த வீட்டில் நடக்கும். கடைசியில் ஒரு விருந்து, ஒரு குழுப் படம்.

இந்த விருந்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். நான் அதிகம் நினைத்துக்கொள்வது அதற்கு முன்னால் வரும் ஒரு காட்சியை.

ஷெப்பர்டின் அடையாளத்தைத் திருடியது ஷெப்பர்டின் நகல். இரண்டாம் கேமின் தொடக்கத்தில் இறந்துபோன ஷெப்பர்டைச் செர்பெரஸ் இரண்டு வருஷம் உழைத்து மீட்டதல்லவா, அப்போது உதிரி உறுப்புகளுக்காக வளர்த்த உடல் அது. அதே முகம், அதே குரல். திருடிய அடையாளத்தைக் காட்டி நார்மண்டியையே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. சண்டையின் முடிவில், பறக்கும் கப்பலின் திறந்த கதவு விளிம்பில் இருவருமே தொங்குகிறார்கள். ஷெப்பர்டைத் தூக்கிவிடத் தோழர்கள் ஓடி வருகிறார்கள். நகல் தன் ஒரே கூட்டாளியான புரூக்ஸைக் கூப்பிடுகிறது. அவள் திரும்பிப் போய்விடுகிறாள். உன்னிடம் மட்டும் அப்படி என்ன இருக்கிறது என்று அது ஷெப்பர்டைக் கேட்கிறது.

அது என்ன என்று யாரும் வாயால் சொல்வதில்லை. விளிம்புக்கு ஓடி வந்தவர்களைப் பார்த்தாலே போதும். ஒரு வருஷம் ரசிகர்களின் கோபத்தைக் கேட்டபிறகு, இந்தத் தொடரின் உயிர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த காட்சியாகவே அதை நான் பார்க்கிறேன். முகமும் கவசமும் கப்பலும் பட்டமும் அந்த நகலிடமும் இருந்தன. கூப்பிட்டால் ஓடி வர ஆள்தான் இல்லை.

அடுத்த மாஸ் எஃபெக்டைப் பற்றி யார் பேசினாலும் எனக்குள் ஓடுவது இந்தக் காட்சிதான். ஷெப்பர்டின் என்7 சின்னம் போட்ட கவசம், நார்மண்டி மாதிரி ஒரு கப்பல், பழைய இசையின் நாலு ஸ்வரம், லியாராவின் முகம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, உள்ளே ஆள் இல்லாமல் ஒரு கேம் வந்துவிட முடியும். அது அந்த நகலைப் போலத்தான் இருக்கும்.

வாக்குவாதத்துக்குத் திரும்புகிறேன். என் பக்கத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. சிட்டடெலை மூன்றாம் கேமின் பாதியிலேயே ஆரம்பிக்க முடியும். ஆனால் ரானோக்குக்கு முன்னால் போனால் டாலி குழுவில் இருக்கமாட்டாள். தெஸியா வரை காத்திருந்தால் வர வேண்டியவர்கள் வந்துசேர்ந்திருப்பார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு ஷெப்பர்ட் உடைந்துபோயிருப்பார். சொந்தக் கிரகம் எரிவதைப் பார்த்துவிட்டு வந்த லியாராவின் முகத்தைப் பார்க்கவே முடியாது. அந்த நேரத்தில் ஒரு வீடு, ஒரு இரவு, எல்லாரும் ஒன்றாக. பிறகு கடைசிப் போருக்குக் கிளம்புகிறோம். விருந்து முடிந்த பிறகு கப்பலுக்கு முன்னால் நின்று, இதுவரை வந்த பயணம் நல்ல பயணம் என்று இருவர் பேசிக்கொள்ளும் அந்தச் சின்ன உரையாடல், இனி என்ன நடக்கும் என்று தெரியாதவர்கள் பேசினால்தான் பொருந்தும். அதற்கப்புறம் லண்டன் தெருவில் ஒவ்வொருவரிடமும் விடைபெறும்போது தொண்டை அடைக்கும். முந்தின நாள் இவன் நம் வீட்டில் இருந்தானே என்று தோன்றும்.

அக்கா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வரியில் தள்ளிவிடுவாள். "நீ சண்டைக்கு முன்னாடி விருந்து வைக்கிற, நான் எல்லாரும் வீட்டுக்கு வந்தப்புறம் வைக்கிறேன். அவ்ளோதான்டா."

ஆனால் கேம் அப்படி அனுமதிப்பதில்லை. முடிவைப் பார்த்த பிறகு அது நம்மைச் செர்பெரஸ் தலைமையகத்துக்கு முந்தைய கட்டத்துக்குத்தான் கொண்டுபோய் விடும். ரீப்பர்கள் இன்னும் இருப்பார்கள், ஆண்டர்சன் இன்னும் பூமியில் இருப்பார். அவள் அதைப் பொருட்படுத்துவதில்லை. சிவப்பு முடிவில், போதிய படைபலம் சேர்த்திருந்தால், கடைசி சில நொடிகளில் இடிபாட்டுக்கு நடுவே என்7 கவசம் அணிந்த ஒரு மார்பு மூச்சு இழுக்கும். திரை இருண்டுவிடும். அந்த மூச்சுக்குப் பிறகு நடப்பதுதான் இந்த விருந்து என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அவள் மட்டும் இல்லை. போருக்குப் பிறகு நடக்கும் சந்திப்பாகவே அந்த விருந்தை மாற்றி எழுதிய 'சிட்டடெல் எபிலோக்' என்ற மோட் இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்த ரசிகர்கள், தங்களுக்குக் கிடைக்காத காட்சியைத் தாங்களே உட்கார்ந்து கட்டிக்கொண்டார்கள்.

2014-இல் அக்கா வேலைக்காக வெளியூர் போனாள். கிளம்புவதற்கு முந்தின இரவு இருவருமாகச் சேர்ந்து அந்த விருந்தை மட்டும் விளையாடினோம், என் சேவில். வீட்டுக்குள் எதிரி நுழைந்தால் என்ன செய்வது என்று கேரஸும் இன்னொரு தோழன் ஸயீதும் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு அறை விடாமல் நடந்து, ஒவ்வொருவர் பேசுவதையும் முழுக்கக் கேட்டாள். அவசரமே படவில்லை. மேல்மாடியில் ஆண்டர்சன் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கும் ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். நான் அதற்கு முன்பு அவற்றை முழுசாகக் கேட்டதே இல்லை. கதையின் முடிவில் அந்த மனிதர் ஷெப்பர்டின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே இறந்துபோவார் என்று தெரிந்துகொண்டு அவர் வீட்டில் அவர் குரலைக் கேட்பது வேறு மாதிரி இருந்தது. அவள் ஏன் கடைசியில் விளையாடுகிறாள் என்று அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது. என் கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை. புரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்து வந்த கேம், மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடா. 2017 மார்ச் 21. இதைப் பற்றிப் பேசும்போது ஆளாளுக்குப் பாத்திரங்களின் முகபாவ அசைவுகளைக் காட்டிச் சிரித்ததுதான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு அந்தக் கேம் பிடிக்கும். அறுநூறு வருஷம் உறங்கிக்கொண்டே இன்னொரு விண்மீன் மண்டலத்துக்குப் போய் இறங்குவது நல்ல கற்பனை. சண்டை இந்தத் தொடரிலேயே அதில்தான் சிறப்பு. கிழட்டுக் குரோகன் டிராக் அருமையான பாத்திரம். கப்பலில் எல்லாரும் சேர்ந்து படம் பார்க்க ஏற்பாடு செய்யும் ஒரு நீண்ட பக்கக் கதையில் சிட்டடெலின் சூடு அப்படியே இருந்தது. மூன்றாம் கேமின் மூன்று நிற முடிவிலிருந்து தப்பிக்க, கதை அந்த முடிவுக்கு முன்பே கிளம்பிப் போய்விட்ட கப்பல்களைப் பற்றியது என்று வைத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சிக்கலை அவிழ்க்கவில்லை, தள்ளித்தான் போட்டார்கள்.

கேமின் கடைசியில் குவாரியன்களின் ஆர்க் கப்பலிலிருந்து ஓர் எச்சரிக்கைச் செய்தி வரும். அடுத்த விரிவாக்கம் அதுதான் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். 2017 ஆகஸ்டில், தனியாக விளையாடும் கதைக்கு இனி எந்தப் புதுப்பிப்பும் வராது என்று அறிவிப்பு வந்தது. அதே மாதம் அந்தக் கேமைச் செய்த மாண்ட்ரியல் ஸ்டுடியோவை இன்னொரு ஸ்டுடியோவோடு இணைத்துவிட்டார்கள். குவாரியன் கப்பலின் கதை மறு வருஷம் ஒரு நாவலாக வெளிவந்தது.

மூன்றாம் கேமின் முடிவு ஆண்ட்ரோமெடாவின் குறைகளைவிடப் பல மடங்கு வெறுக்கப்பட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு வருஷ அவகாசம் கிடைத்தது. ஒரு சிட்டடெல் வந்தது. இன்றைக்கு மூன்றாம் கேமைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோபத்தோடு ஆரம்பித்தாலும் அந்த விருந்தில் வந்து முடிக்கிறார்கள். ஆண்ட்ரோமெடாவின் நாயகப் பாத்திரமான ரைடருக்கும் அவர் குழுவுக்கும் அப்படி ஒரு மாலைப் பொழுது கிடைக்கவே இல்லை. தொடரின் எதிர்காலம் பற்றி எனக்கு இருக்கும் பெரிய கவலையே இதுதான். கேம் முதல் நாளில் எப்படி இருக்கும் என்று நான் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. முதல் நாளுக்குப் பிறகு ஒரு வருஷம் கொடுப்பார்களா?

2024 அக்டோபர் 31-இல் வந்த பயோவேரின் இன்னொரு தொடரின் புதுக் கேமைப் பார்த்தால் நம்பிக்கை குறைகிறது. டிராகன் ஏஜ்: த வெயில்கார்டுக்குக் கதை விரிவாக்கமே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். முந்தைய கேமில் நாம் எடுத்த மூன்றே மூன்று முடிவுகளைத்தான் அது கூடக் கொண்டுவந்தது. பதினைந்து வருஷமாகச் சேர்த்துவைத்த சேவ்கள் இருந்தவர்களின் வலி எனக்குத் தெரியும். 15 லட்சம் பேர் விளையாடினார்கள், எதிர்பார்த்ததைவிடக் கிட்டத்தட்ட 50 சதவீதம் குறைவு என்று பயோவேரின் உரிமையாளரான ஈஏ நிறுவனம் அறிவித்தது. 2025 ஜனவரியில் பயோவேரைச் சுருக்கி, பலரை ஈஏவின் மற்ற ஸ்டுடியோக்களுக்கு அனுப்பினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் ஈஏவையே 5,500 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. சிறிய குழு என்பதே கெட்ட செய்தி என்று நான் நினைக்கவில்லை. சிட்டடெலில் பிரமாண்டமான இடங்கள் கம்மிதான். ஒரு வீடு, ஒரு தெரு, ஒரு விடுதி, சில சண்டைக் களங்கள். நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. எழுத்தாளர்களை அனுப்பிவிட்டால்தான் கஷ்டம்.

இனி, ரசிகர்கள் உண்மையிலேயே அடித்துக்கொள்ளும் இடம். 2020 டிசம்பரில் வந்த முதல் டீசரில், பனி மூடிய மலையில் லியாரா ஏறி வருவாள். பின்னால் ஒரு ரீப்பரின் சடலம் கிடக்கும். உடைந்த என்7 கவசத் துண்டு ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்துச் சிரிப்பாள். ரீப்பர் செத்துக் கிடக்கிறது, அப்படியானால் சிவப்பு முடிவுதான் என்று ஒரு பக்கம். 2021 நவம்பர் 7-இல், ரசிகர்கள் கொண்டாடும் என்7 நாளில், ஒரு சுவரொட்டி வந்தது. அதில் இருந்த பெரிய பள்ளம் கெத்தின் தலை வடிவம். சிவப்பு முடிவில் கெத்களும் அழிந்துவிட்டார்களே, அப்புறம் எப்படி என்று இன்னொரு பக்கம். லியாராவின் அசாரி இனத்தவர் ஆயிரம் வருஷம் வாழ்வார்கள். முதல் கேமில் லியாராவுக்கு 106 வயது. அவளை வைத்து எத்தனை நூற்றாண்டு தள்ளி வேண்டுமானாலும் கதையைத் தொடங்கலாம்.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பையே எடுங்கள். எல்லாருடைய முடிவையும் மதிக்கிறோம் என்று சொல்லி, எதையும் தெளிவாகச் சொல்லாமல் ஒரு உலகத்தைக் கட்டினால், அதில் எடைக்கு இடமிருக்காது. பச்சையைத் தேர்ந்தெடுத்த நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள், இது அவர்களுக்கு வலிக்கும். ஆனால் ஒரு முடிவின் விளைவோடு வாழ வேண்டும் என்பதைத்தானே இந்தத் தொடர் விர்மைரிலிருந்து நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது? கெத்கள் அழிந்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு யார் பொறுப்பு, குவாரியன்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள், யாராவது அவர்களைத் திரும்ப உருவாக்க முயல்கிறார்களா என்று அந்தக் காயத்திலிருந்தே கதை தொடங்கட்டும். அக்கா ரானோக்கில் செய்ததற்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியை, ஷெப்பர்டால் கேட்க முடியாததை, புதுக் கேமில் யாராவது கேட்கட்டும். பழைய கோபத்துக்கு அதைவிட நேர்மையான பதில் எனக்குத் தோன்றவில்லை.

ஷெப்பர்ட் வர வேண்டாம். இதில்தான் அக்கா கொதித்துப்போவாள். "அந்த மூச்ச எதுக்குக் காட்டினாங்க அப்ப?" என்பாள். காட்டிவிட்டு நம்மிடம் கொடுத்துவிட்டார்கள் அக்கா, அது இனி நம்முடையது என்பேன். ஷெப்பர்டை உயிரோடு கொண்டுவந்தால் நான் தேர்ந்தெடுத்த முகம், குரல், காதல், குணம் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் தீர்மானிக்க வேண்டிவரும். ஜெனிஃபர் ஹேலும் மார்க் மீரும் திரும்பி வந்தால் எனக்கும் கண் கலங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கதை புதியவர்களுடையதாக இருக்கட்டும். லியாராவுக்கு மூன்று நான்கு காட்சி போதும். மற்ற நேரமெல்லாம் பெயர் தெரியாத ஆட்களோடு கப்பலில் இருக்க விடுங்கள். முதல் கேமில் கேரஸ் யார் என்று யாருக்குத் தெரியும்? விதிகள் மேல் எரிச்சலாக இருந்த ஒரு போலீஸ்காரன். மூன்று கேமும் ஐந்து வருஷமும் சேர்ந்துதான் அவனை அக்காவின் கேரஸ் ஆக்கின.

ஒரு துணைச் செய்தி. மூன்று கேமையும் புதுப்பித்து 2021 மே 14-இல் 'லெஜெண்டரி எடிஷன்' வெளியிட்டபோது, முதல் கேமின் 'பினக்கிள் ஸ்டேஷன்' டிஎல்சி மட்டும் அதில் இல்லை. அதன் மூல நிரல் சிதைந்துபோயிருந்தது. அவ்வளவு சிறப்பான டிஎல்சி இல்லை, ஒரு பயிற்சிக் களம்தான். ஆனாலும் ரசிகர்கள் உட்கார்ந்து அதை மீட்டு உள்ளே சேர்த்தார்கள். அதன் முடிவில் ஷெப்பர்டுக்கு ஒரு சின்ன வீடு பரிசாகக் கிடைக்கும். சிட்டடெலுக்கு முன்பே ஷெப்பர்டுக்கு ஒரு வீடு இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

போன நவம்பரில் அக்கா மறுபடியும் முதல் கேமிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை சேர்ந்து விளையாடுகிறோம், அவள் ஊரில் அவள், இங்கே நான், அவள் திரையைப் பகிர்ந்துகொண்டு. பேசக் கூடாது என்ற ஒப்பந்தம் இப்போது இல்லை. விர்மைரில் இத்தனை வருஷத்தில் முதல் முறையாகக் கைடனை விட்டுவிட்டு ஆஷ்லியைக் கூட்டிவந்தாள். ரானோக்கில் மறுபடி சமாதானம். அந்த இடத்தில் இருவரும் பேசவில்லை.

போன வாரம் தெஸியா விழுந்தது. கப்பலுக்குத் திரும்பி, லியாராவிடம் போய்ப் பேசிவிட்டு, மேலே ஷெப்பர்டின் அறைக்கு வந்தாள். விடுப்புக்கான அழைப்பு மின்னஞ்சல் எப்போதோ வந்து கிடக்கிறது. சுட்டியை அதன் மேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

"என்ன, போலாமா?" என்றாள்.

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் காலையில் வேலை இருந்தது. சேவ் செய்துவிட்டு மூடினாள். சனிக்கிழமை கூப்பிடுவாள்.